விளக்கு மட்டும் போதாது

“அப்பா என்னையே யாருன்னு கேக்குறாரு. கூரையில பாம்பு ஊருதுன்னு கையை உதறுறாரு.” பூந்தமல்லி நெடுஞ்சாலையோர ஆஸ்பத்திரிகளின் ஐ.சி.யூ. வாசல்களில் காதில் விழக்கூடிய பேச்சுதான். பயந்துபோன குடும்பம் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு ஓடி, வேப்பிலையும் குங்குமமுமாகத் திரும்பும். வேண்டுதல் மனசுக்குத் தெம்பு. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் இது காத்து கருப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை. டெலிரியம். கிருமித் தொற்று, ஆக்சிஜன் குறைவு, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்பிவிடுகின்றன. சத்தம் போடுபவராவது கண்ணில் படுவார். பேசாமல் சுருண்டு கிடப்பவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம். அவரைத்தான் ‘நல்லா தூங்குறாரு’ என்று விட்டுவிடுகிறோம்.

ஐ.சி.யூ.வில் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். டியூப் லைட் அணைவதே இல்லை. ஜன்னல் இல்லாத ஐ.சி.யூ.வில் டெலிரியம் இரண்டு மடங்குக்கு மேல் என்று 1972-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அப்படியானால் பகலில் வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா? நெதர்லாந்தில் 734 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குப் பகலில் 1,700 லக்ஸ் வரை பிரகாசம், மற்றவர்களுக்கு வழக்கமான விளக்கு. 2016-ல் வெளியான முடிவு: பிரகாசத்தில் இருந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு டெலிரியம், மற்றவர்களில் 33. பலனில்லை என்று சோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு ரத்தம் எடுக்க எழுப்பி, காதருகே மானிட்டர் அலறிக்கொண்டிருக்கும்போது, பகல் வெளிச்சம் தனியாக என்ன செய்துவிடும்?

பலன் தந்தது வேறு. 1999-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், பொது வார்டில் இருந்த, 70 வயதோ அதற்கு மேலோ ஆன 852 பேரைக் கவனித்தார்கள். கண்ணாடி, காது மெஷின், தேதி எழுதிய பலகை, கொஞ்சம் நடை, மாத்திரையில்லாத தூக்கம். இப்படி எளிய வைத்தியம்தான். இந்தக் கவனிப்பு கிடைக்காதவர்களில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம், கிடைத்தவர்களில் 9.9.

அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஐ.சி.யூ.வில் இருந்தால், அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிடைக்கிற பத்து நிமிடத்தில், “அப்பா, இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நான் உங்க பொண்ணு” என்று பேர் சொல்லிப் பேசுங்கள். பாம்பு இருக்கா இல்லையா என்று வாதாடாதீர்கள். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறினால், அதை நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். ராத்திரி அவர் தலைக்கு மேலிருக்கும் விளக்கை மட்டுமாவது அணைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.