பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சொன்னால் போதும், "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அடுத்தது, தரைக்கு டைல்ஸா, கிரானைட்டா. மன்னார்குடியில் என் கணவர் வழிப் பூர்வீக வீட்டில் வேலையை ஆரம்பித்தபோது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று உறவுக்காரர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டவர் கொத்தனார் மட்டும்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டில் அலங்காரம் கடைசி வேலை. கூரை, தண்ணீர், சுவர், கரென்ட் இந்த நாலும் ஒழுங்கான பிறகு கையில் மிஞ்சும் காசுக்குப் பெயின்ட் வாங்கலாம். மிஞ்சவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது. சுண்ணாம்பு இருக்கிறது.

திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று தெருவிலிருந்து தெரு வரை நீளும் வீடு எங்களுடையது. மாமனாரின் அப்பா கட்டியது. நம் நாட்டில் சிமென்ட் ஆலை ஒன்று வியாபார அளவில் ஓட ஆரம்பித்ததே 1914-ல், குஜராத்தின் போர்பந்தரில். அதற்கப்புறமும் வெகுகாலம் எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பில்தான் வீடு எழும்பியது. இந்த வீடும் அப்படித்தான்: ஒன்றரை அடி கனச் சுவர். உள்ளே சின்னச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மேலேயும் சுண்ணாம்புப் பூச்சு. உங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு மூலையில் பூச்சை லேசாகத் தட்டிப் பாருங்கள். வெள்ளையாக, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் உளியையே திருப்பி அடித்தால் சிமென்ட்.

எங்கள் கூடத்தில் இரண்டும் இருந்தன. கீழே இடுப்பு உயரம் வரை சிமென்ட், மேலே சுண்ணாம்பு. தொண்ணூறுகளில் யாரோ ஓதத்துக்குப் பார்த்த வைத்தியம் அது. ஓதம் போகவில்லை, சிமென்ட் முடிந்த இடத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தார்கள். அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, கை வைத்தால் உள்ளிருந்து வெள்ளை உப்பு கொட்டியது.

ஏன் இப்படி ஆகிறது? விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, மண்ணிலிருக்கும் ஈரத்தைச் செங்கல் மேலே இழுக்கிறது. பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் தனி அடுக்கு பெரும்பாலும் கிடையாது. அந்த நாளில் அது பெரிய குறையாகவும் இருக்கவில்லை. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியாகக் காற்றில் கலந்துவிடும். சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் உயரப் போகிறது. கூடவே வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாக இறுகி, பூச்சையே தள்ளி உரிக்கிறது. உடனே ஆளைக் கூப்பிட்டு மறுபடி சிமென்ட் பூசுகிறோம். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் இந்தக் கூத்து எத்தனை வீட்டில் நடக்கிறது!

இன்னொரு காரணம் வாசலிலேயே இருந்தது. என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி ஏற வேண்டுமாம். இப்போது ஒரே படி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துவிட்டது, வீடு தாழ்ந்துவிட்டது. கொல்லைப் பக்கமும் அப்படித்தான், குப்பையும் மண்ணுமாகச் சேர்ந்து வெளித்தரை உள்தரைக்கு மேலே நின்றது. சுவரில் கை வைப்பதற்கு முன் கொத்தனார் செய்த வேலை, கொல்லையில் சுவரை ஒட்டி மண்ணை வெட்டி இறக்கி, ஜல்லி போட்டு, கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் வாய்க்கால் பிடித்தது. போட்டோ எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாத வேலை. ஆனால் கூடத்தின் அழகில் பாதி அதில்தான் வந்தது.

ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறதா என்று நீங்களே சோதிக்கலாம். சுவரில் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

பிறகு சிமென்ட்டை உரித்தோம், கறை நிற்கும் கோட்டுக்கு மேலும் ஒரு அடி வரை. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். அதற்கப்புறம் ஒரு முழுக் கோடை சுவரைச் சும்மா விட வேண்டும். இதுதான் கஷ்டமான கட்டம். செங்கல் பல்லிளிக்கும் கூடத்தைப் பார்த்துவிட்டு என் கொழுந்தனார், "என்ன அண்ணி, வீட்ட ரிப்பேர் பண்றீங்களா, இடிக்கிறீங்களா?" என்றார். கொத்தனார் பதில் சொன்னார்: "ஈரம் போவட்டும் தம்பி. அவசரப்பட்டா அடுத்த வருசமும் என்னையத்தான் கூப்புடணும்."

சுண்ணாம்பு வேலையை ஒருமுறையாவது கிட்டத்தில் நின்று பாருங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது கொதிக்கிறது. அடுப்பில்லாமல் கொதிக்கும் அந்தத் தொட்டியிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடிக்கிறது. (குழந்தைகளை அண்டவிடாதீர்கள். ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் ஆபத்து; வேலையாட்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.) நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியிலேயே வாரக்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். ஊற ஊற வெண்ணெய்ப் பதத்துக்கு வருகிறது. இன்னொரு பானையில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளிக்கின்றன. அந்த வாசனை கொல்லை முழுக்க நின்றது. என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கப்பா வீடு கட்டுனப்பவும் இதே நாத்தம்தான்" என்றார். சலித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை, மூன்று பங்கு, கடுக்காய்த் தண்ணீர். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. நேர் வெயில் படாமல் சாக்கு கட்டி, தண்ணீர் தெளித்து, மெள்ளக் காயவிட வேண்டும்.

காய்வது என்கிறோம், நடப்பதென்னவோ வேறு. கல்லைச் சூளையில் சுடும்போது வெளியேறிய கரியமில வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதனால்தான் இத்தனை நிதானம். செலவும் சிமென்ட் பூச்சைவிடக் கூடுதல்தான், அதை மறைப்பானேன். ஆனால் உரிவதையே திருப்பித் திருப்பிப் பூசுகிற செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூரைக்கு வருகிறேன். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் எங்கள் பக்கம் ஓடு பறக்காத வீடு அபூர்வம். அவசரத்துக்குப் பலரும் தகரம் போட்டார்கள். தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அது அப்படியே நிலைத்துவிட்டது, வெயில் காலத்தில் அந்த அறைகளில் மனுஷர் படுக்க முடியாது. மறுபடி ஓடு போடுவதென்றால் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொல்கிறோமே, பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865-ல் மங்களூரில் ஆலை தொடங்கியதால் வந்த பெயர் அது. பின்னால் எத்தனையோ ஆலைகள் வந்தன. அளவும் பள்ளமும் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். ஒன்று இன்னொன்றில் கவ்வாது, மழை உள்ளே வரும். ஓட்டைத் திருப்பினால் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, இடிக்கிற வீடுகளிலிருந்து அதே ஓட்டைத் தேடி வாங்கினோம். ஓடு இறக்கியிருக்கும்போதே ஒவ்வொரு கைமரத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட வேண்டும். நல்ல மரத்தில் முனை ஏறாது. சுவரில் செருகியிருக்கும் நுனிகள்தான் முதலில் உளுக்கும். ஓட்டுக்கடியில் ஜிப்சம் சீலிங் அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஒழுகலும் எலியும் கரையானும் அதற்கு மேலே குடித்தனம் நடத்தும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. சூடு குறைய வேண்டுமானால் மேலோட்டுக்கடியில் தட்டையான சீலிங் ஓடு ஒரு வரிசை வைக்கலாம். நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும்.

முற்றத்தைக் கண்ணாடித் தகடு போட்டு மூடுவது இப்போது ஊரெல்லாம் வழக்கம். குரங்கு, கொசு, திருட்டு என்று காரணங்கள் நியாயமானவை. ஆனால் வீட்டின் சூடு மேலே ஏறி வெளியேறும் வாய் அதுதான். மூடினால் வீடு வேகும். நாங்கள் கம்பியும் கொசுவலையும் போட்டு, தகட்டை அதற்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தி நாலு பக்கமும் திறந்து விட்டோம். சாரல் கொஞ்சம் அடிக்கிறது. அடிக்கட்டுமே, முற்றம்தானே.

மின்சாரத்தில் மட்டும் பழமை வேண்டாம். மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய ஒயரில் பெரும்பாலும் எர்த் கிடையாது. முழுவதையும் மாற்றி, மின்கசிவு ஏற்பட்டால் கரென்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். பழைய சுவரில் குறுக்காக நீளக் காடி வெட்ட அனுமதிக்காதீர்கள், சுவர் பலமிழக்கும். குழாயை வெளியே தெரியும்படியே நேர்த்தியாக ஓட்டலாம். கக்கூஸ், குளியலறையையும் கூடத்து மூலையில் நுழைக்காமல் பின்கட்டில் தனி அஸ்திவாரம் போட்டுக் கட்டினோம். புதுக் கட்டடம் தன் பாட்டுக்கு மண்ணில் அமரும். பழைய சுவரோடு இறுக்கிப் பிணைத்தால் சேருமிடத்தில் வெடிப்பு விடும்.

இனி அலங்காரம். வாசல் கதவு தேக்கு. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த எனாமலில் செதுக்குவேலை எல்லாம் மூழ்கிக் கிடந்தது. இதில் ஓர் எச்சரிக்கை: வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூளைச் சுவாசிப்பது வீட்டுக் குழந்தைகள். பெயின்ட் நீக்கும் பசையைத் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டி எடுங்கள். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். எங்கள் நிலையின் மேல்கட்டையிலிருந்து ஒரு தாமரையும் இரண்டு கிளிகளும் வெளியே வந்தன. ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருந்தது. ஒட்டவைக்கலாமா என்று தச்சர் கேட்டார். வேண்டாமென்று விட்டோம்.

தரை, சிவப்பு ஆக்சைடு போட்ட சிமென்ட் தரை. பிற்பாடு போட்டதுதான், ஆனாலும் அதன் வழவழப்பு இன்றைய எந்த டைல்ஸுக்கும் வராது. மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால் தரை உயர்ந்து கதவுகளை அடியில் அறுக்க வேண்டி வந்திருக்கும். வெடிப்புகளை அதே நிறத்தில் அடைத்து, கழுவிக் காயவைத்து, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். முழுக்கப் பெயர்ந்துவிட்ட ரேழிக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்யும் கல் அது, சூளையில் சுடுவதில்லை. ஒன்றைப் போல் இன்னொன்று அச்சாக இருக்காது.

சுவருக்கு வண்ணம் தேடி அலையவில்லை. சுண்ணாம்பில் துளி நீலம், கொஞ்சம் கோந்து. தண்ணியாக மூன்று கை. கீழே இரண்டடிக்குக் காவிப் பட்டை. சுண்ணாம்பு வண்ணம் ஈரத்தில் கருத்திருக்கும், காய்ந்ததும் வெளுத்துவிடும். அதனால் ஓரத்தில் அடித்துப் பார்த்து மறுநாள் முடிவு செய்யுங்கள். சாய்ந்தால் முதுகில் லேசாக ஒட்டும். சாயாமல் உட்காரப் பழகிக்கொண்டோம். சுவரில் ஆணி அடிக்க இடம் தேடாமல், இருக்கிற பிறைகளையே பயன்படுத்தினோம். ஒன்றில் விளக்கு, ஒன்றில் புத்தகம், சாவிக்கொத்துக்கு ஒன்று. வெள்ளை வெளேர் பல்புகளைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஒளி பல்புகளைப் போட்டதும் அந்தச் சுவர்களின் மேடுபள்ளம்கூட அழகாகத் தெரிந்தது. ஓட்டில் நாலைந்து இடத்தில் கண்ணாடி ஓடு வைத்ததால் பகலில் விளக்கே வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. பழைய வீட்டுக்காரர்களுக்கு இன்றைக்குக் கிடைக்காத பொருள் சுண்ணாம்போ தேக்கோ அல்ல. அந்த வேலை தெரிந்த கைகள். எங்களுக்கு வந்த கொத்தனாரின் பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வருஷமே கூப்பிடுங்கள், சின்ன வேலையாக இருந்தாலும் சரி. கூடவே இளவயதுக்காரர் இரண்டு பேரை அழைத்து வரச் சொல்லி, அவர்கள் கற்றுக்கொள்ளும் நாட்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.