செல்லோ வாங்குகிறீர்களா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

புதிதாக வந்திறங்கிய செல்லோவில் புது வில்லை வைத்து இழுத்தால் சத்தமே வராது. வில்லில் கட்டியிருக்கும் முடி தந்தியைத் தொட்டும் தொடாததுபோல வழுக்கிக்கொண்டு போகும். ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டியதில்லை. அது பழுதே அல்ல. முடியில் ரோசின் என்ற பிசின் ஏறினால்தான் அது தந்தியைப் பிடித்து அதிரவைக்கும். புது வில்லுக்கு முதல் தடவை பொறுமையாக நிறையவே தேய்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் செல்லோவின் வயிற்றுக்குள் ஒரு சிறு கட்டை விழுந்து கிடக்கலாம். அதைக் கவனிக்காமல் தந்திகளை முறுக்கினால் மேல்பலகை அமுங்கி விரிசல் விடக்கூடும். எது பழுது, எது பழுதில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவர் பணத்தோடு சேர்த்து, சட்டம் கொடுத்திருக்கும் உரிமையையும் கோட்டை விடுகிறார்.

செல்லோவின் ஒலி தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. திரையிசையின் தந்திக் கருவிக் கூட்டத்தில் அடிக்குரலாக அது ஒலித்துக்கொண்டேதான் இருக்கிறது. 1986-ல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ போன்ற இசைத்தொகுப்புகளும், 2008-ல் சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களும் மேற்கத்தியத் தந்திக் கருவிகள்மீது இளையவர்களுக்கு ஆசையைக் கூட்டியிருக்கின்றன. ஆனால் ஆசை பரவிய வேகத்தில் கருவியைப் பழுதுபார்ப்பவர்கள் பரவவில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் ஒருவருக்கு வயலின் கற்றுத்தர ஆள் கிடைக்கலாம். மதுரை அரசு இசைக் கல்லூரியிலும் வயலின் பாடம் உண்டு. செல்லோ என்றால் பெரும்பாலும் சென்னைக்கோ இணையக் கடைக்கோதான் போக வேண்டும். ஆளுயரப் பெட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது விற்றவரும் பக்கத்தில் இருக்க மாட்டார், சரிபார்த்துச் சொல்ல வாத்தியாரும் இருக்க மாட்டார். அந்த இரண்டு பேரின் வேலையையும் வாங்குகிறவரே செய்தாக வேண்டும்.

பணம் கட்டும் முன்

குறைந்த விலைச் செல்லோக்களில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. ஜியாங்சு மாகாணத்தின் ஹுவாங்சியாவோ என்ற ஊர் வயலின் குடும்பக் கருவிகளுக்கே பெயர்போனது. அங்கிருந்து வருவதாலேயே ஒரு செல்லோ மட்டமானது என்று முடிவுகட்ட முடியாது. ஒரே மாதிரிச் செல்லோவை ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே அனுப்புவார். இன்னொருவர் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைச் செதுக்கி, தந்தி உயரத்தைச் சரிசெய்து, வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புவார். ‘செட்டப்’ என்று சொல்லப்படும் இந்த வேலைக்காகச் சில ஆயிரம் கூடுதலாகக் கேட்டால், கற்கத் தொடங்குபவருக்கு அது வீண்செலவு ஆகாது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. மேல்பலகை ஒற்றைப் பலகையில் செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரமா, பிளைவுட்டா? பின்பலகையும் பக்கங்களும் மேப்பிளா? விரல் அழுத்தும் ஃபிங்கர்போர்டு எபனியா, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரமா? செட்டப் செய்து அனுப்புகிறார்களா? இவற்றை போனில் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பிளைவுட் வாங்குவதில் தவறில்லை. வெயிலையும் அடிபடுவதையும் அது நன்றாகவே தாங்கும். பிளைவுட்டை ஒற்றைப் பலகை என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

இணையக் கடைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதை விற்பவர் தெரிவித்தாக வேண்டும். பல விற்பனையாளர்கள் கூடும் தளம் என்றால், விற்பவரின் பெயரும் முகவரியும் வாங்குபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். புகார்களைக் கவனிக்கத் தனி அலுவலர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். முகவரியே இல்லாத இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு முன்பணம் அனுப்புகிறவர், பின்னால் யார்மேல் வழக்குப் போடுவது என்றே தெரியாமல் நிற்க நேரிடும்.

பெட்டியைத் திறக்கும் நாள்

ஒட்டியிருக்கும் டேப்பை அறுப்பதற்கு முன்பே போனில் வீடியோவை ஓடவிட வேண்டும். பெட்டியில் அடிபட்ட தடம், இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச விலையும் அச்சிட்ட லேபிள், உள்ளே செல்லோ இருக்கும் நிலை எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவாகட்டும்.

அடுத்து வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். மேல்பலகையில் ‘எஃப்’ வடிவத்தில் இரண்டு துளைகள் இருக்கும். மெல்லிய தந்தி இருக்கும் பக்கத்துத் துளை வழியாக டார்ச் அடித்தால், பிரிட்ஜின் காலுக்குச் சற்றுக் கீழே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு உருளைக் கட்டை நிமிர்ந்து நிற்பது தெரியும். சவுண்ட் போஸ்ட் என்பது இதுதான். பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள், இறுக்கத்தில்தான் நிற்கும். லாரிக் குலுக்கலில் விழுந்துவிடக்கூடியது. நான்கு தந்திகளின் இழுவை சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும் என்பதால், கட்டை விழுந்து கிடக்கும்போது சுருதி சேர்க்கவே கூடாது.

பிறகு அளவு. முழு அளவு செல்லோவின் உடல் நீளம் 75 முதல் 76 சென்டிமீட்டர் இருக்கும். இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி 1707 வாக்கில், அதுவரை இருந்த பெரிய உருவைக் குறைத்துச் செய்த வடிவத்தின் வழிவந்த அளவு இது. கழுத்தின் மேல்முனையில் தந்தி உட்காரும் ‘நட்’டிலிருந்து உடலின் விளிம்பு வரை சுமார் 28 சென்டிமீட்டர், அந்த விளிம்பிலிருந்து ‘எஃப்’ துளையின் உட்பக்க வெட்டு வரை சுமார் 40. இந்த விகிதம் தவறியிருந்தால் பிரிட்ஜ் இடம் மாறும், கற்பவரின் விரலும் தவறான இடத்துக்கே பழகும். ஃபிங்கர்போர்டின் கீழ்முனையில் தந்திக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். இரும்புத் தந்தி என்றால் மெல்லிய தந்திக்குச் சுமார் 5 மில்லிமீட்டர், தடித்த தந்திக்கு 7 முதல் 8 வரை இருக்கலாம். 10, 12 என்று ஏறினால் பிள்ளைகளின் விரல் புண்ணாகும். தனக்கு வராது என்று வாத்தியத்தையே விட்டுவிடுவார்கள்.

ஒற்றைப் பலகையா என்று பார்க்க ‘எஃப்’ துளையின் விளிம்பே போதும். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பில் அப்படியே உள்ளே இறங்கினால் ஒற்றைப் பலகை. விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அந்த இடத்தைக் கிட்டத்தில் ஒரு படமும், ஸ்கேலை வைத்தபடி மற்ற படங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்துக்குப் புரியும் மொழி

‘சவுண்டு நல்லா இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் புகார் நிற்பது கடினம். இனிமை ஆளுக்கு ஆள் மாறும். ‘ஒற்றைப் பலகை என்று விளம்பரம் செய்தார்கள், வந்தது பிளைவுட்’, ‘கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரிசல்’, ‘முழு அளவு என்றார்கள், உடல் நீளம் 69 சென்டிமீட்டர்தான்’ என்று எழுதினால் நிற்கும். கருவியை வாசிக்கத் தகுதியாக்கும் அதே மில்லிமீட்டர் கணக்குதான் வழக்கிலும் சாட்சி சொல்கிறது. குறையைக் கண்டறிய ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவை என்று கருதினால் நுகர்வோர் ஆணையம் பொருளை அங்கே அனுப்பலாம். கண்ணாலும் ஸ்கேலாலும் தெரியும் குறைக்கு அந்தச் சுற்றே வேண்டியதில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. ரசீதில் கால அளவு குறித்திருந்தால் அதற்குள், குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர வேண்டும். ரசீது தராமல் விற்பதும் அதே பட்டியலில் வருகிறது. இணையத்தில் விற்பவர், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகளும் சொல்கின்றன.

மேம்படுத்தும் அவசரம்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டி வந்த வாரமே ஆர்வத்தில் பிரிட்ஜைத் தேய்த்து, நட்டை ராவி, பிசிறு தட்டிய இடத்தில் ஃபெவிகால் வைத்துவிடுவார்கள். அதன்பிறகு ‘நீங்களே கெடுத்துவிட்டீர்கள்’ என்று விற்றவர் கைகழுவ வழி கிடைத்துவிடும். எனவே முதலில் அளவு, பிறகு வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்ற முடிவு, அதன்பிறகே மாற்றம். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை ரோசின் தேய்ப்பதையும் சுருதி சேர்ப்பதையும் தாண்டி எதையும் தொடக் கூடாது. பெட்டியையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடக் கூடாது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் செலவுக்கும் வரிசை உண்டு. முதலில் நட், பிரிட்ஜ், சவுண்ட் போஸ்ட் மூன்றையும் கைதேர்ந்தவரிடம் சரிசெய்ய வேண்டும். இந்த வேலை முடியாமல் எவ்வளவு விலையுயர்ந்த தந்தி போட்டாலும் பலன் தெரியாது. அடுத்தது தந்தி. செல்லோத் தந்தி ஒரு செட்டுக்கே பல ஆயிரம் ஆகும். நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை, கீச்சென்று கேட்கும் மெல்லிய இரண்டை முதலில் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். நான்கையும் சேர்த்துத் தளர்த்தினால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடக்கூடும். மூன்றாவது வில்: வளைந்துபோன மலிவு மர வில்லைவிட ஃபைபர் வில் நம்பகமானது. தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கினால் அதற்கென்று விற்கும் பேஸ்ட் இருக்கிறது; தந்தி கட்டும் கீழ்க்கட்டையில் நான்குக்கும் நுண்சுருதித் திருகு இருந்தால் பிருடையோடு மல்லுக்கட்டும் வேலையே பாதியாகும்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரம் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அந்தத் துணிச்சலில் நட்டின் பள்ளத்தைப் பூட்டு அரத்தால் ராவுவது ஆபத்து. பள்ளத்தின் அடி தந்தியின் உருட்சிக்கு ஏற்ப வளைந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலும் தந்தி பலகையில் மோதி இரையும், நட்டையே மாற்ற வேண்டி வரும்.

வெயில் காலத்தில் பலகை ஓரத்தில் இணைப்பு வாய் பிளந்தால் பதற வேண்டாம். மரம் சுருங்கும்போது பலகை வெடித்துவிடாமல் இணைப்பு திறந்துகொள்ளட்டும் என்றுதான், பிரிக்கத்தக்க விலங்குப் பசையால் அதை ஒட்டுகிறார்கள். அதே வகைப் பசையால் திரும்ப ஒட்டினால் போதும். தகரக் கூரைக்கு அடியிலும், ஏ.சி. காற்று நேரே படும் இடத்திலும் வைக்காமலிருந்தால் இந்த வேலை அடிக்கடி வராது. மரம் செதுக்கத் தெரிந்த எல்லோரும் செல்லோவில் கை வைக்க முடியாது. வேலை கொடுக்கும் முன் என்ன செய்யப்போகிறார், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்க வேண்டும். கூலி வாங்கிச் செய்யும் பழுதுவேலையும் சட்டத்தின் பார்வையில் சேவைதான். அதில் குறை நேர்ந்தாலும் புகார் செய்யலாம்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் விற்றவருக்கும் தளத்துக்கும் எழுத்துப்பூர்வப் புகார். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்க்கும் வழி அது. அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நாகல் நகர்க்காரர் தான் குடியிருக்கும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி இது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலேயே மனு போடலாம். காணொலி விசாரணையும் கேட்கலாம். குறை தெரிந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்துக்குள், தேவைப்படுவதை 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுத்துக்கொண்டும் போகும். தீர்ப்பு பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கச்சேரியில் வாசித்துச் சம்பாதிப்பவர் நுகர்வோரா என்ற சந்தேகம் அடிக்கடி எழும். 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்ற, கோவை நிறுவனம் ஒன்று எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெரிய அளவில் தொழில் நடத்த எந்திரம் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவரும், தானே தட்டச்சு செய்து பிழைக்க டைப்ரைட்டர் வாங்கியவரும் நுகர்வோரே. அதே தர்க்கப்படி, கல்யாண மேடையில் தானே வாசித்துப் பிழைப்பு நடத்தச் செல்லோ வாங்கியவர் தாராளமாகப் புகார் செய்யலாம். வாடகைக்கு விடுவதற்காகப் பத்துச் செல்லோ வாங்குகிறவர் நிலைமை வேறு.

பழைய செல்லோவைத் தனி ஆளிடம் வாங்குவதிலும் கவனம் தேவை. விற்பவர் வியாபாரி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது சந்தேகம். உரிமையியல் நீதிமன்றம்தான் மிஞ்சும். ஆகவே நேரில் போய் டார்ச்சும் ஸ்கேலும் வைத்துப் பார்த்தபிறகே பணம் தர வேண்டும். நேரில் காட்ட மறுத்து, ‘வேறு ஆள் கேட்கிறார், முன்பணம் போட்டால் எடுத்துவைக்கிறேன்’ என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்பட வேண்டும். பணம் போட்டு ஏமாந்தது தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்கு முன் வங்கிக் கணக்கை முடக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.