பசுமை வட்டியின் அபராதம் யார் தலையில்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இயங்கும் பெரிய முதலீட்டு நிறுவனங்கள், தங்கள் முதலீடுகளால் சுற்றுச்சூழலுக்கும் தொழிலாளருக்கும் நேரும் பாதிப்புகளைப் பட்டியலிடும் ஆண்டறிக்கையை ஜூன் 30-க்குள் வெளியிட வேண்டும் என்பது 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நிதி வெளிப்படுத்தல் ஒழுங்குமுறையின் விதி. இந்தக் கெடுவை ஒட்டி வரும் வாசகர் கடிதங்கள் பலவற்றில், சட்டம் கேட்கும் அந்த அறிக்கையும் வங்கிகள் தரும் ‘பசுமை வட்டி’ச் சலுகையும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சுற்றுச்சூழல், சமூகம், நிறுவன ஆளுகை ஆகிய மூன்றையும் எடைபோட்டே முதலீடு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ‘இ.எஸ்.ஜி.’ என்ற முத்திரை இரண்டின் மீதும் குத்தப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

இரண்டில் கூர்ந்து நோக்கத்தக்கது வட்டிதான். ஒரு நிறுவனத்தை வாங்கும் பிரைவேட் ஈக்விட்டி நிதியம், ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தருவதாக எழுதிக்கொடுத்து இன்னும் வசூலிக்கப்படாத தொகையை ஈடாகக் காட்டி, வங்கியில் குறுகியகாலக் கடன் பெறுவது வழக்கம். அந்தக் கடனின் வட்டியே இ.எஸ்.ஜி. இலக்குகளோடு முடிச்சுப் போடப்படுகிறது. சுவீடனின் ஈ.க்யூ.டி. 2020-இல் 230 கோடி யூரோ கடனை, தான் வாங்கிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் பெண்களின் பங்கு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் போன்ற இலக்குகளோடு பிணைத்தது. அமெரிக்காவின் கார்லைல் 2021-இல் 410 கோடி டாலர் கடனை, இயக்குநர் குழுக்களின் பன்முகத்தன்மையை 30 சதவீதமாக்கும் இலக்கோடு பிணைத்தது.

இலக்கை எட்டினால் வட்டி சில அடிப்படைப் புள்ளிகள் குறையும், தவறினால் கூடும். ஓர் அடிப்படைப் புள்ளி என்பது ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு. எடுத்துக்காட்டாக, 100 கோடி யூரோவுக்கு 4 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 4 கோடி கட்ட வேண்டிய இடத்தில், ஐந்து புள்ளிச் சலுகை கிடைத்தால் 3 கோடியே 95 லட்சம் கட்டினால் போதும். ஆலையின் புகைபோக்கி எவ்வளவு கக்கினாலும் ஓய்வூதிய நிதிகளின் வாக்குறுதி என்ற ஈடு தேய்வதில்லை என்பதால், இந்தச் சலுகைக்கும் கடனின் அபாயத்துக்கும் தொடர்பில்லை. இலக்கு தவறினால் வங்கிக்குக் கூடுதல் வட்டி கிடைக்கிறது. அந்த வட்டியோ பொதுவாக நிதியத்தின் செலவாக எழுதப்படுவதால், இலக்கை வகுத்த மேலாளரைவிட ஓய்வூதியதாரரின் சேமிப்பையே அதிகம் கரைக்கிறது.

கடிதங்களில் எழும் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள்: ஜூன் 30 அறிக்கை எல்லோருக்கும் கட்டாயமா? 500 ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே. மற்றவை காரணம் சொல்லி விலகலாம்.

ஒழுங்குமுறையில் இ.எஸ்.ஜி. நிதியங்களைப் பற்றிய 8, 9-ஆம் பிரிவுகள் தரச்சான்றா? அல்ல, அவை எதை வெளியிட வேண்டும் என்று மட்டுமே சொல்கின்றன, சான்றாக்கி விற்றது சந்தை.

நிறுவனத்தை விற்றுவிட்டால் அதன் புகை? விற்றவரின் கணக்கிலிருந்து நீங்கும், காற்றிலிருந்து நீங்காது.

இந்தியாவில்? பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கை, பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கே கட்டாயம்.

பசுமை வட்டி பெற்றதாக ஒரு நிதியம் அறிவிக்கும்போது, சலுகை எத்தனை புள்ளி என்பதையும், இலக்கு தவறினால் அபராதத்தைக் கட்டுபவர் யார் என்பதையும் வாசகர் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் விடை தராத அறிவிப்பு வெறும் விளம்பரமே.