கோழிக்குக் கல் வேறு, சிப்பி வேறு

பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலைப் பகுதிகளில் லயத்துக்குப் பின்னால் பத்து, இருபது கோழி வளர்ப்போர் பலர். அந்த முட்டைகள் எமது கடைகளுக்கும் வருகின்றன. 30 முட்டைத் தட்டில் மூன்று உடைந்தால் நூற்றுக்குப் பத்து வீதம் நட்டம். அப்புறம் இலாபம் ஏது? இதற்கு மலைப்பாதையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஓடு மெலிந்திருந்தால் தீனியையும் பார்க்க வேண்டும்.

கோழிக்குப் பல் கிடையாது. வயிற்றிலுள்ள தசைப்பையில் கிடக்கும் சிறு கற்களே சோளத்தையும் நெல்லையும் அரைக்கின்றன. இதற்குக் கரையாத கருங்கல் குருணி வேண்டும். சிப்பி ஓடு வயிற்றில் கரைந்துவிடும். அதன் வேலை கல்சியம் கொடுப்பது. எனவே ஒன்றுக்குப் பதிலாக மற்றதைக் கொடுக்க முடியாது. மாத்தீனி மட்டும் தின்னும் கோழிக்குக் கல் அவசியமில்லை. மேயவிட்ட கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வைத்து முழுத் தானியம் போடுவோரே கல் வைக்க வேண்டும். குஞ்சுக்குப் பருமணல் அளவு, பெரிய கோழிக்குப் பயறு அளவு போதும்.

இனி வயதுக் கணக்கு. குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் தீனியில் சுமார் 1 வீதம் கல்சியம் போதும். மலிவென்று முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் பழுதாகிக் கோழி சாகும். 16 முதல் 18 வாரத்தில், முட்டையிடத் தொடங்குமுன், 2 வீதமளவு கொடுக்கலாம். முட்டையிடும்போது 3.5 முதல் 4 வீதம் வேண்டும். ஒரு முட்டையோட்டில் மாத்திரம் சுமார் 2 கிராம் கல்சியம் உண்டு. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், சிப்பித் துண்டுகளை மாலையில் தனிப் பாத்திரத்தில் வைப்பது நல்லது. ஒரு வருடம் தாண்டிய கோழியின் முட்டை பெருக்கும், ஓடு மெலியும். அதற்குச் சிப்பி குறையக்கூடாது. ஐந்தாறு வாரத்தில் விற்கும் இறைச்சிக் கோழிக்கோ முழுத்தீனியே போதும்.

எமது பகுதியில் இன்னொரு விடயமும் கவனிக்க வேண்டும். தேயிலைக் காணிக்குப் போடும் டொலமைட்டும் வெள்ளைத் தூள்தான், விலையும் குறைவு. ஆனால் அதில் மக்னீசியம் அதிகம். அது கூடினால் கோழிக்குக் கழிச்சல் வரும், ஓடு மேலும் மெலியும். வெற்றிலைச் சுண்ணாம்பும் ஆகாது. அது வாயையும் குடலையும் சுடும். வீட்டு முட்டையோட்டை நன்கு வறுத்து நொறுக்கிக் கொடுத்தால் செலவே இல்லை.

தீனிக்கடை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. தூளாக வரும் சிப்பியில் என்ன கலந்திருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது; துண்டாக வருவதை வாங்கி விற்பதே பாதுகாப்பு. வாங்க வருபவரிடம் கோழியின் வயதைக் கேட்டுவிட்டே தீனியை நிறுத்துக் கொடுங்கள். வளர்ப்பவரின் கோழி செத்தால் அடுத்த மாதம் அவர் எமது கடைக்கு வரமாட்டார். அதைவிட, தெரிந்துகொண்டே பொருந்தாத பொருளைக் கொடுத்து வாங்கிய காசு ஹலாலாகுமா என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.