கறுத்த மண்ணும் கட்டுண்ட சத்தும்

சங்கத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில், மண் கறுத்திருந்தால் உரம் வேண்டா என்று உறுதியாகச் சொல்லும் அங்கத்தினர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் ஜப்பானிய எரிமலைச் சாம்பல் மண்ணின் வரலாற்றை அறிவது நலம்.

அம்மண்ணை அந்நாட்டார் 'குரோபொக்கு' என்பர். நம் மண் பரிசோதனைத் தாள்களில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு 0.75ஐத் தாண்டினாலே மிகுதி என்று குறிக்கிறார்கள். குரோபொக்கு மேல்மண்ணில் அது 6க்கும் மேற்பட்டிருப்பது அரிதன்று. ஆயினும், 1945இல் போர் முடிந்தபின் அரசாங்கத்தின் அவசரத் திட்டத்தின்கீழ் எரிமலைச் சாரல்களில் குடியேறிய படைவீரரும், வெளிநாடுகளிலிருந்து திரும்பிய குடும்பத்தாரும் அம்மண்ணில் விதைத்த பயிர் குன்றிப்போயிற்று. கரிமம் நிறைந்த நிலத்தில் மணிச்சத்துப் பஞ்சம்!

காரணத்தை நெசவாளர் எளிதில் உணர்வர். பழைய முறையில் நூலுக்குச் சாயமேற்றுவோர் படிகாரம் சேர்ப்பதுண்டு. அதிலுள்ள அலுமினியமே சாயத்தை நூலோடு பிணைக்கிறது. எரிமலைச் சாம்பலில் உள்ள கண்ணாடி போன்ற துகள்கள் மழையில் விரைவாகச் சிதையும்போதும் அலுமினியம் ஏராளமாக வெளிப்படுகிறது. அது மட்கைப் பற்றிக்கொள்கிறது. அதிலிருந்தே 'அலோபேன்' என்னும் மிக நுண்ணிய கனிமமும் உண்டாகி, மட்கைத் தன்னுள் ஒளித்துக்கொள்கிறது. நுண்ணுயிர்கள் அதனை எளிதில் அணுக முடியாமற் போகின்றன. பின்வந்த சாம்பலால் மூடுண்ட அடிமண்ணில், பல்லாயிரம் ஆண்டு வயதான மட்கு இன்றும் கருமை மாறாமல் கிடக்கிறது. ஆனால், மட்கைப் பற்றும் அதே அலுமினியம் மணிச்சத்தையும் விடுவதில்லை. பயிருக்கு எஞ்சுவது சொற்பமே.

இதனால் அங்கே எதுவும் மட்காது என்று எண்ணலாகாது. புதிதாக இட்ட வைக்கோலும் தழையும் பிற மண்ணிற்போலவே பெரும்பாலும் சிதைந்துவிடும். பிணைப்புண்ட பகுதியே நிலைக்கிறது. அப்பிணைப்பும் அழியாததன்று. சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைத் தணித்தால் அது தளர்ந்து சிதைவு விரையக்கூடும். மண்ணை மிகையாக உலரவிட்டாலோ, முன்பிருந்த நீர்ப்பிடிப்பு மீளவும் வருவதில்லை.

நம் கரிசலை இதனோடு ஒன்றாக்க வேண்டா. கரிசலில் கரிமம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. அச்சிறிதளவு மட்கும் களியோடு இறுகக் கலந்திருப்பதால் அவ்வளவு கருமை. நிறத்தை நம்பித் தொழு உரத்தைக் குறைப்பவர் இல்லாத முதலை எண்ணிச் செலவு செய்பவராவர்.

ஜப்பானியக் குடியேறிகளின் துன்பம் பின்னர் நீங்கிற்று. சூப்பர் பாஸ்பேட்டை வழக்கமான அளவினும் பன்மடங்கு கொட்டி, மண்ணின் பசியை முதலில் ஆற்றினார்கள். உழுவதற்கு எளிதான, நீரைத் தேக்கிவைக்கும் அம்மண்ணின் நற்குணங்கள் அதன் பின்னரே பயன்பட்டன. இன்று அந்நாட்டு மேட்டுப் பயிர்நிலங்களில் ஏறக்குறையப் பாதி இம்மண்ணே. அசாமா எரிமலைச் சாரலிலுள்ள ட்சுமகோய் ஊரின் முட்டைக்கோசு நாடெங்கும் விலையாகிறது.