பறக்குமா? பறக்காதா?

வானத்தில் விமானம் போகிறது. சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்கிறோம். விமானம் எப்படிப் பறக்கிறது? ஒரு விமானம் பறக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? தெரிந்துகொள்வோம், வாருங்கள்.

பல்லாவரத்தில் பறந்தது

1910ஆம் ஆண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓர் ஓட்டல் இருந்தது. அதை நடத்தியவர் டி ஏஞ்சலிஸ். கார்சிகா தீவைச் சேர்ந்தவர். அவருக்கு விமானத்தின் மேல் ஆசை. தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டார். அதைச் சிம்சன் கம்பெனியில் செய்யச் சொன்னார். அது குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கிய கம்பெனி. வண்டி கட்டிய இடத்திலேயே விமானமும் உருவானது. அந்த ஆண்டு மார்ச் மாதம் பல்லாவரத்தில் அது பறந்தது. நம் நாட்டில் பறந்த முதல் விமானங்களில் அதுவும் ஒன்று.

இரண்டு அடுக்கு இறக்கை

அந்த விமானத்துக்கு மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. அந்தக் காலத்து விமானங்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. மரச் சட்டம், துணி, கம்பி ஆகியவற்றால் செய்தார்கள். துணி விறைப்பாக நிற்க அதன்மேல் பூச்சு பூசினார்கள். வேட்டிக்குக் கஞ்சி போடுகிறோம் அல்லவா? அதுபோல.

ஏன் இரண்டு இறக்கை? ஒரு மூங்கிலைப் படுக்க வைத்து நடுவில் அழுத்துங்கள். வளையும். இரண்டு மூங்கில்களை ஏணியாகக் கட்டுங்கள். ஒரு மூங்கில் மேலே, ஒன்று கீழே இருக்கும்படி வைத்து அழுத்துங்கள். எளிதில் வளையாது. இறக்கைகளுக்கு நடுவே குச்சிகளும் கம்பிகளும் வைத்தது இதற்காகத்தான். எடை குறைவு, பலம் அதிகம்.

ஆனால் அந்தக் குச்சிகளும் கம்பிகளும் காற்றில் தடையாக நின்றன. வேகம் குறைந்தது. பிறகு லேசான, உறுதியான உலோகம் வந்தது. ஒற்றை இறக்கை போதும் என்று ஆனது.

இறக்கை எப்படித் தூக்குகிறது? பட்டத்தை நினைத்துப் பாருங்கள். அது சாய்ந்து நின்று காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று அதை மேலே தள்ளுகிறது. விமான இறக்கையும் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே எழும்புகிறது. அதற்கு வேகம் வேண்டும். அந்த வேகத்தை எஞ்சின் தருகிறது.

சோதித்துப் பார்த்தவர்கள்

படம் யாரும் வரையலாம். தவறினால் உயிர் போகும். ஜெர்மனியில் லிலியன்தால் என்பவர் எஞ்சின் இல்லாத இறக்கைகளில் பல முறை பறந்தார். 1896இல் விழுந்து இறந்தார்.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் அவசரப்படவில்லை. ஒரு நீளமான பெட்டிக்குள் விசிறியால் காற்று விட்டார்கள். சுமார் 200 சிறிய இறக்கைகளை அதில் வைத்துச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் விமானம் பறந்தது. முதல் தடவை 12 விநாடிதான். 120 அடி தூரம்தான். ஆனாலும் பறந்தது.

மைசூரில் வந்த புத்தகம்

1973இல் மைசூரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. பெயர் 'வைமானிக சாஸ்திரம்'. சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்ல எழுதப்பட்டது. பழங்காலத்து விமானங்கள் என்று சில படங்கள் அதில் இருந்தன.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதை ஆராய்ந்தார்கள். கேலி செய்து ஒதுக்கவில்லை. வரி வரியாகப் படித்தார்கள். அளவு, எடை எல்லாம் கணக்குப் போட்டார்கள். 1974இல் முடிவைச் சொன்னார்கள். அந்த விமானங்கள் பறக்காது. நூலும் பழங்காலத்தது அல்ல, 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

பறந்து காட்டியது

அதே பெங்களூரில் 1940இல் விமானத் தொழிற்சாலை தொடங்கியது. அதற்கு மைசூர் அரசு உதவியது. அங்கே காட்கே என்பவர் தலைமையில் நம் பொறியாளர்கள் ஒரு சிறிய பயிற்சி விமானத்துக்குத் திட்டம் போட்டார்கள். அதன் பெயர் எச்.டி.-2. ஒற்றை இறக்கை, இரண்டு பேர் உட்காரலாம். முதலில் கணக்கு, பிறகு சோதனை. 1951இல் அது பறந்தது. பல இளைஞர்கள் அதில் விமானம் ஓட்டக் கற்றார்கள்.

பழையதா, புதியதா என்று காற்று பார்ப்பதில்லை. கணக்கு சரியாக இருந்தால் தூக்கும். தவறாக இருந்தால் கீழே போடும்.

பேசிப் பாருங்கள்: புதிய விதை, புதிய மருந்து என்று யாராவது விற்க வந்தால் நீங்கள் என்னென்ன கேட்பீர்கள்?