பன்னிரண்டு பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும்

போர் முடிந்த நாடுகளின் திரைப்படங்களில் போர்வீரர்களே பெரும்பாலும் கதாநாயகர்களாக விளங்குவர். ஆனால் இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற யப்பானில், 1954இல் வெளிவந்த ‘இருபத்து நான்கு கண்கள்’ ஒரு ஆரம்பப் பாடசாலை ஆசிரியையின் கதையாகும். சுபோய் சகாயே என்ற பெண் எழுத்தாளரின் நாவலைக் கெய்சுகே கினோஷிதா படமாக்கினார். ஆசிரியையாக நடித்தவர் ஹிதெகோ தகாமினே.

1928இல் ஷோதோ தீவின் சிறிய பாடசாலைக்கு ஒயிஷி ஆசிரியை சைக்கிளில் வருகிறார். மேல்நாட்டு உடையணிந்து சைக்கிள் ஓடும் பெண்ணை ஊர் முகஞ்சுழித்துப் பார்க்கிறது. பன்னிரண்டு பிள்ளைகளோ அவரை நேசிக்கின்றனர். ஆயினும் ஆசிரியையின் அன்பினால் வறுமையைத் தடுக்க முடியவில்லை. தாயை இழந்த ஒரு சிறுமி படிப்பை விட்டு உணவகத்தில் வேலைக்கு அனுப்பப்படுகிறாள். இன்னொருத்தி காசநோயால் இறக்கிறாள்.

போருக்கு எதிராகப் பேசுவதே குற்றமாகிய காலம் அது. சகஆசிரியர் ஒருவர் கைதாகிறார். பையன்களைப் படைக்கு ஆயத்தஞ்செய்யும் கல்வியில் மனமொவ்வாத ஒயிஷி வேலையை விட்டு விலகுகிறார். ஐந்து பையன்களில் மூவர் போரில் மடிகின்றனர். ஒருவன் பார்வையிழந்து திரும்புகிறான். ஒயிஷியின் கணவரும் போரில் இறக்கிறார்.

நாடு தோற்றதற்காகவா அழுகிறாய் என்று மகன் கேட்கும்போது, இறந்தவர்களுக்காகவே அழுகிறேன் என்கிறார் அந்தத் தாய். வெற்றி தோல்விக்கு அப்பாற்பட்ட அந்தக் கண்ணீரே படத்தின் உயிர் எனலாம்.

1946இல் விதவையாக, குடும்பத்தைக் காக்க அவர் அதே பாடசாலைக்குத் திரும்புகிறார். இடாப்பை வாசிக்கும்போது பழைய மாணவர்களின் பிள்ளைகளையும் தங்கையையும் கண்டு அழுகிறார். ‘அழுமூஞ்சி ரீச்சர்’ எனப் புதுப் பட்டப்பெயர் கிடைக்கிறது. பழைய மாணவர்கள் கூடி அவருக்குச் சைக்கிள் ஒன்றைப் பரிசளிக்கின்றனர். பார்வையிழந்தவன், முதலாம் வகுப்புப் படத்தை விரலால் தடவி, ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைச் சொல்கிறான்.

யப்பானியப் படைகள் அயல்நாடுகளில் இழைத்த கொடுமைகள் இப்படத்தில் இடம்பெறவில்லை என்பது ஒரு குறையே. எனினும் போரில் இறந்தவர்களை வீரர்களாக அன்றி, பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளைகளாக அது நினைவுகூருகிறது. ஒயிஷியால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஒருவரையும் அவர் மறக்கவில்லை. கண்ணீரோடேனும் மறுநாளும் வகுப்புக்குச் செல்லும் அவரது உறுதி, இழப்பின் பின் வாழ்வைத் தொடரும் பெண்களுக்குப் புதிதல்லவே!